பிஎம்டபிள்யூ இ46 330ஐ: எடை குறைந்த ஃப்ளைவீலும் கிளட்சும் மாற்றுவது எப்படி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். ஃப்ளைவீல் என்பது இன்ஜினின் கிராங்க் முனையில் சுழலும் கனமான தட்டு. அதை மாற்றினால் இன்ஜினின் குதிரைத்திறன் கூடாது. எம்54 இன்ஜின் தருகிற 231 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் அப்படியேதான் இருக்கும். மாறுவது இன்ஜின் சுற்று ஏறுகிற, இறங்குகிற வேகம். அதற்கு விலையாகச் சத்தமும், கிளம்பும்போது கொஞ்சம் கூடுதல் கவனமும் கொடுக்க வேண்டும். இந்தப் பேரம் கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃப்ளைவீலில் 5 கிலோ குறைகிறது, அந்த எடை மையத்திலிருந்து சராசரியாக 12 செ.மீ. தள்ளி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கியர் 330ஐ-யில் முதல் கியரின் விகிதம் 4.21, டிஃபரன்ஷியலின் விகிதம் 2.93. இரண்டையும் பெருக்கினால் ஃப்ளைவீல் சக்கரத்தைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்கிறது. அந்த மடங்கின் வர்க்கம்தான் கணக்கில் வரும் என்பதால், முடுக்கத்தைப் பொறுத்தவரை முதல் கியரில் வண்டியிலிருந்து 110 கிலோ இறக்கியதற்குச் சமம். இரண்டாவது கியரில் அது 39 கிலோ ஆகிறது, மூன்றாவதில் 17, ஐந்தாவதில் வெறும் 6. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஓவர்டேக் செய்யும்போது வித்தியாசம் தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்கு இந்த 6 கிலோதான் பதில். மலைப்பாதையில் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் ஏற்றி இறக்கி ஓட்டுபவருக்குத்தான் இது முழுதாகக் கிடைக்கும்.

எதை வாங்குவது

330ஐ-யில் கம்பெனி வைத்திருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு தட்டுகள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள், எடை பத்து கிலோவுக்கு மேல். ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிப்பு நடக்கிறது. நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐடிலிங் ஆகும்போது விநாடிக்கு 35 உதை. அந்த உதைகளை கியர் பாக்ஸுக்குப் போகவிடாமல் விழுங்குவது அந்த ஸ்பிரிங்குகள்தான். லைட்வெயிட் ஃப்ளைவீல் ஒற்றைத் தட்டு. விழுங்க அதில் ஒன்றுமில்லை.

முதல் முறை செய்பவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். டூயல் மாஸோடு வந்த பழைய கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் ஸ்பிரிங் இருக்காது, மொட்டையாக இருக்கும். அந்த வேலையை ஃப்ளைவீல் பார்த்துக்கொண்டதால் பிளேட்டுக்குத் தேவைப்படவில்லை. ஒற்றைத் தட்டு ஃப்ளைவீலில் அதே பிளேட்டைப் போட்டால் ஓர் உதைகூடத் தணியாமல் நேராகப் பல்சக்கரத்தில் போய் இறங்கும். சத்தம் தாங்காது, நாளடைவில் பிளேட்டின் ஹப்பும் கியர் பாக்ஸும் அடி வாங்கும். ஆகவே நடுவில் டேம்பர் ஸ்பிரிங் உள்ள பிளேட்தான் வேண்டும். அதில் 240 மி.மீ. விட்டமா, ஹப்பில் 10 பல்லா என்று பாருங்கள்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் மாறும். 330ஐ-யில் வருவது தானாகத் தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை. லைட்வெயிட் ஃப்ளைவீல்கள் பெரும்பாலும் சாதாரண வகைக்கென்று கடையப்பட்டவை; பலவற்றுக்கு பிஎம்டபிள்யூவின் பழைய மாடலான இ34 எம்5-இன் கிளட்ச் செட் பொருந்தும். ஃப்ளைவீல் ஒரு கடையில் மலிவு, பிளேட் இன்னொரு கடையில் மலிவு என்று தனித்தனியாகப் பொறுக்காதீர்கள். உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலே, பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பேரிங் நிற்கும் இடம் மாறி, கிளட்ச் முழுதாக விடாமலோ முழுதாகப் பிடிக்காமலோ போகும். ஒரே தயாரிப்பாளர் பொருத்தம் சொல்லித் தருகிற முழு செட்டாக வாங்குங்கள்.

அலுமினியமா, ஸ்டீலா? அலுமினியம் ஐந்து கிலோவை ஒட்டி வரும். உராயும் முகத்துக்கு ஸ்டீல் தட்டு ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். ஸ்டீலில் 6 முதல் 8 கிலோ. தினமும் அலுவலகம் போய்வரும் வண்டிக்கு ஸ்டீலே போதும். ஆக எடை குறைந்ததை வாங்கிவிட்டு நெரிசலில் இரண்டு மாதம் ஓட்டி அலுத்துப்போய் விற்பவர்கள் உண்டு, ஸ்டீலை விற்பவர்கள் குறைவு. எதுவானாலும் எஸ்எஃப்ஐ 1.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று உள்ளதா என்று பாருங்கள்.

பழைய ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து எடை குறைக்கலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். டூயல் மாஸை அப்படிக் கடைய வழியே இல்லை. வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கண்டபடி கடைந்தால் 6000 சுற்றுக்கு மேல் வெடித்துச் சிதறக்கூடும். ஃப்ளைவீலை மூடியிருக்கும் கியர் பாக்ஸின் முன்பகுதியான பெல் ஹவுசிங்கைத் துளைத்துக்கொண்டு வரும் துண்டுக்கு நேர் எதிரில் இருப்பது ஓட்டுநரின் கால்.

பிளேட்டின் பொருளைப் பொறுத்தவரை, இன்ஜினில் வேறு மாற்றம் ஏதும் இல்லையென்றால் சாதாரண ஆர்கானிக் பிளேட்டே சரி. இன்ஜின் தருவது 300 நியூட்டன் மீட்டர். 400 முதல் 450 வரை தாங்கும் பிளேட் போதுமானது. செராமிக் துண்டுகள் பதித்த ரேஸ் பிளேட் பாதி பிடிக்காது. பிடித்தால் முழுதாகப் பிடிக்கும். சிக்னலில் வண்டி தவளைபோலக் குதிக்கும்.

செட்டோடு சேர்த்து வாங்கிவைக்க வேண்டிய சில்லறைச் சாமான்கள்: 8 புதிய ஃப்ளைவீல் போல்ட், 6 பிரஷர் பிளேட் போல்ட், ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், ரிலீஸ் ஃபோர்க்கின் பிவட் பின்னும் அதன் ஸ்பிரிங் கிளிப்பும், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங், அதற்கான புதிய லாக் நட்டுகள், சைலன்சர் கேஸ்கெட்டுகள், எக்ஸாஸ்ட் நட்டுகள், ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில், கியர் ஆயில். பிவட் பின் கம்பெனியில் பிளாஸ்டிக். பித்தளையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பத்து ரூபாய்ப் பொருளுக்காக மறுபடி கியர் பாக்ஸ் இறக்கும் கொடுமை வேண்டாம்.

கியர் பாக்ஸ் இறக்குதல்

லிஃப்ட் இல்லாமல், நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி முதல் முறை செய்பவருக்கு இரண்டு முழு நாள் பிடிக்கும். உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம். கியர் பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்காவது எடுங்கள். இ-டார்க்ஸ் (நட்சத்திரத் தலை போல்ட்) சாக்கெட் செட், 60 செ.மீ.க்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் ராடு, அதன் முனைக்கு வளையும் ஜாயின்ட், டார்க் ரெஞ்ச், கிளட்ச் சென்டர் செய்யும் குச்சி, ஃப்ளைவீல் லாக் ஆகியவையும் வேண்டும். முந்தின நாள் இரவே எக்ஸாஸ்ட் நட்டுகளில் துரு நீக்கும் ஆயிலை அடித்துவிடுங்கள்.

பேட்டரி டிக்கியில் இருக்கும். நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பானட்டைத் திறந்து, பின்பக்கம் உள்ள கேபின் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிடுங்கள். கியர் பாக்ஸைத் தாழ்த்தும்போது இன்ஜின் பின்னால் சாயும். இந்தப் பெட்டி இருந்தால் அதில் இடித்து உடைக்கும்.

வண்டியை நான்கு ஸ்டாண்டிலும் சமமாக, குறைந்தது 50 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீழே போகாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் வயர்களைக் கழற்றிவிட்டு எக்ஸாஸ்டை மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் வரை ஒரே துண்டாக இறக்குங்கள். அதன்பின் ஹீட் ஷீல்டு, அதற்கு மேலே புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

ஷாஃப்டும் ஃப்ளேஞ்சும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்டவில்லையென்றால் அதிர்வு வரும். ரப்பர் கப்ளிங்கில் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நடு பேரிங்கின் இரண்டு நட்டையும் எடுத்தால் ஷாஃப்ட் நடுவில் மடங்கி கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும். தொங்க விடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள்.

கியர் பாக்ஸின் இடப்பக்கம் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டு 13 மி.மீ. நட்டு. ஹோஸைக் கழற்றாமல் அப்படியே எடுத்து ஓரமாகக் கட்டுங்கள். இனி வேலை முடியும்வரை யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவைப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம்; ஒட்டிவையுங்கள்.

ஜாக்கியைக் கியர் பாக்ஸுக்குக் கீழே கொடுத்துவிட்டு, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை எடுங்கள். இன்ஜினின் ஆயில் பேனுக்குக் கீழே மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கி. மெதுவாகப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் கியர் லிங்கேஜின் கிளிப்பும் அதற்கு மேலே உள்ள பின்னும் கைக்கு எட்டும். ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயரையும் மறக்காதீர்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் மேலே உள்ளவைதான் பொறுமையைச் சோதிக்கும். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பவையும் அவற்றில் சேர்த்தி. நீளமான எக்ஸ்டென்ஷனை கியர் பாக்ஸின் முதுகுக்கு மேலாகப் பின்னாலிருந்து விட்டு, முனையில் வளையும் ஜாயின்ட்டோடு சாக்கெட்டை ஏற்ற வேண்டும். சாக்கெட் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தபின் பலம் கொடுங்கள். தலை வழுக்கிவிட்டால் அந்த இடத்தில் வேறு எந்தக் கருவியும் நுழையாது. போல்ட்டுகள் நீளத்தில் மாறுபடும். ஓர் அட்டையில் கியர் பாக்ஸ் வட்டத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்திவையுங்கள்.

கியர் பாக்ஸை நேர்கோட்டில் பின்னால் இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் பிளேட்டை விட்டு முழுதாக வெளிவரும் வரை ஜாக்கியை இறக்கவே கூடாது.

ஃப்ளைவீலும் கிளட்சும்

பிரஷர் பிளேட்டின் 6 போல்ட்டையும் எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். பிறகு ஃப்ளைவீலின் 8 போல்ட். கடைசி இரண்டைக் கழற்றுமுன் ஒரு கை தாங்கலில் இருக்கட்டும். பழைய ஃப்ளைவீல் எதிர்பார்ப்பதைவிடக் கனமானது, பாதத்தில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

இப்போது கிராங்க் சீலைப் பாருங்கள். சுற்றிலும் ஈரம் இருந்தால் மாற்றுங்கள். காய்ந்திருந்தாலும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒழுகாத சீலை எடுத்துவிட்டுக் கோணலாகப் புதியதைப் போடுவது அதைவிடக் கேடு. வெள்ளை டெஃப்லான் உதடு உள்ள சீலானால் அதில் ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது, உலர்ந்தபடியே மாட்ட வேண்டும்.

பைலட் பேரிங் கிராங்க் முனையின் நடுவிலோ, சில லைட்வெயிட் வகைகளில் ஃப்ளைவீலின் நடுத்துளையிலோ உட்காரும். உங்கள் செட்டில் எங்கே என்று தாளைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் மாட்டிவிட்டு, கியர் விழவில்லை என்று தலையில் கைவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கிராங்க் ஃப்ளேஞ்சையும் ஃப்ளைவீலின் பின்முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். மணல் அளவு துகள் நடுவில் மாட்டினாலும் ஃப்ளைவீல் கோணலாக உட்காரும். விளைவு பெடலில் துடிப்பாக வரும். டயல் கேஜ் இருந்தால் மாட்டியபின் சுற்றிப் பாருங்கள். முள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினால் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

போல்ட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும். பழைய போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டது, அதே இறுக்கத்தை இனித் தராது. புதியவற்றின் மறையில் லாக் பசை ஏற்கெனவே பூசியிருக்கும், மேலே எதுவும் தடவ வேண்டாம். நட்சத்திர வரிசையில் முதலில் கையால், பிறகு 40, 80, கடைசியாக 105 நியூட்டன் மீட்டர். ஃப்ளைவீலோடு வந்த தாளில் வேறு எண் போட்டிருந்தால் அந்த எண்ணே சரி, ஏனெனில் அவர்கள் தரும் போல்ட் வேறாக இருக்கலாம்.

புதிய ஃப்ளைவீலின் முகத்தில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். துணி வெள்ளையாகவே வரும்வரை கிளீனரால் துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது.

பிளேட்டில் எந்தப் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். ஜெர்மன் பிளேட்டானால் ‘கெட்ரீபஸைட்டெ’ என்ற சொல் இருக்கும். கியர் பாக்ஸ் பக்கம் என்று பொருள். திருப்பிப் போட்டால் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் உரசும், கிளட்ச் விடாது. முழுவதும் மாட்டி முடித்த பிறகுதான் இது தெரியவரும் என்பதால் இந்த ஒரு சொல்லை இரண்டு முறை படியுங்கள்.

சென்டர் குச்சியைப் பிளேட் வழியாகப் பைலட் பேரிங்குக்குள் விட்டு, பிரஷர் பிளேட்டை வைத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். போல்ட் தலையில் 8.8 என்றிருந்தால் 24 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் 34. குச்சி தடையில்லாமல் உள்ளே வெளியே போய்வர வேண்டும். போகாவிட்டால் பிளேட் நடுவில் இல்லை. தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரஷர் பிளேட்டையே உங்கள் செட் பயன்படுத்தினால், அதை அமுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். வெறுமனே போல்ட்டால் இழுத்தால் உள்ளே இருக்கும் வளையம் நகர்ந்து, புதிய கிளட்ச் தேய்ந்ததுபோல நடந்துகொள்ளும்.

இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸைப் பூசி, துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்தபின் மிச்சமிருக்கும் மினுமினுப்பே போதும். அதிகமானால் சுழற்சியில் பறந்து பிளேட்டில் ஒட்டும்.

ஏற்றுதல்

கியர் பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றும்போது பின்பக்க ஃப்ளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பினால் இன்புட் ஷாஃப்டின் பல் பிளேட்டின் பல்லில் விழும். விழுந்ததும் பெல் ஹவுசிங் இன்ஜினை ஒட்டி, இடைவெளி இல்லாமல் கையாலேயே சேர வேண்டும். ஒரு விரல் இடைவெளி நிற்கிறது, போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் உடைவது பிளேட்டின் ஹப்போ பைலட் பேரிங்கோ. பின்னால் எடுத்துக் கோணத்தைச் சரிசெய்து மறுபடி முயலுங்கள். நடுவில் களைத்துப்போய் கியர் பாக்ஸைப் பாதி ஏறிய நிலையில் தொங்க விடாதீர்கள். முழு எடையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டில் விழுந்து அதை வளைக்கும்.

பெல் ஹவுசிங் இ-டார்க்ஸ் போல்ட்டுகளில் எம்8-க்கு 22, எம்10-க்கு 43, எம்12-க்கு 72 நியூட்டன் மீட்டர். ரப்பர் கப்ளிங்கில் அம்புக்குறிகள் ஃப்ளேஞ்சின் கைகளைப் பார்க்க வேண்டும். நடு பேரிங்கை இறுக்குமுன் வண்டியின் முன்பக்கமாக 4 முதல் 6 மி.மீ. தள்ளிப் பிடித்து இறுக்குங்கள். கியர் ஆயில் மாற்றுவதானால், ஊற்றும் போல்ட்டை முதலில் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு வடிக்கும் போல்ட்டைத் திறங்கள். வடித்தபின் மேல் போல்ட் அசையவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கிளட்ச் லைனில் இ46-க்கு ஒரு டிலே வால்வு உண்டு. பெடலைச் சட்டென்று விட்டாலும் கிளட்சை மெதுவாகப் பிடிக்க வைப்பது அது. லைட்வெயிட் ஃப்ளைவீலில் கியர் மாற்றும்போது சுற்று வேகமாக இறங்கும். கிளட்ச் தாமதித்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி தலையாட்டும். லைனைத் திறக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே எடுத்துவிடலாம்.

லைனைத் திறந்திருந்தால் காற்றெடுக்க வேண்டும். பெடலை மிதித்து மட்டும் இந்த வண்டியில் காற்று முழுதாகப் போகாது. ஸ்லேவ் சிலிண்டரைக் கையில் எடுத்து, நிப்பிள் மேல்நோக்கி இருக்கப் பிடித்து, பிஸ்டன் கம்பியை உள்ளே முழுதாக அமுக்கிய நிலையில் நிப்பிளைத் திறந்து விடுங்கள். ரிசர்வாயர் பிரேக்குக்கும் பொது. அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்ட ஆரம்பித்தபின்

புதிய கிளட்ச் பழக, முதல் 800 கி.மீ. நகருக்குள் கியர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் 800 கி.மீ. ஒரே கியரில் போவது பழக்கியதாகாது, கிளட்ச் அங்கே வேலையே செய்வதில்லை. அவசரப்பட்டு அழுத்தினால் பிளேட்டின் முகம் கண்ணாடிபோல மின்னிப்போய் நழுவத் தொடங்கும். கிளம்பும்போது இன்ஜின் அணையும். 1500 சுற்றில் வைத்துக் கிளம்பப் பழகுங்கள். ஓரிரு வாரத்தில் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

நியூட்ரலில் கிளட்சை விட்டு நிற்கும்போது தகரத்தில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். ஏசி ஓடும்போது, கியர் ஆயில் சூடானபின் இன்னும் கூடும். சுமை இல்லாத பல்சக்கரங்கள் அந்த 35 உதையில் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் அது. பெடலை மிதித்ததும் நின்றால் இயல்பானது. மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கையோ பைலட் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். நான்காவது கியரில் 2000 சுற்றில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. கிளம்பும்போது உதறினால் பெரும்பாலும் எண்ணெயோ கைரேகையோ பட்ட பிளேட்.

சில வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து மிஸ்ஃபயர் கோடு காட்டும். கிராங்க் சுழற்சியின் சீரின்மையை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மிஸ்ஃபயரைக் கணிக்கிறது. எடை குறைந்தபின் ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளுவதால் அது ஏமாறுகிறது. ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல், காயிலையும் பிளக்கையும் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றிப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் பழுது உண்மையானது, ஃப்ளைவீலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.